தூசியின் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் ராஜாக்களும் கோட்டைகளும்தாம் நம் ஞாபகத்துக்கு வருகின்றன. தர்மபுரி என்று சொன்னால் தகடூரை ஆண்ட அதியமான் வருகிறான். அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி வருகிறது. அவனுடைய கோட்டை இடிந்து மண்ணாகி, அந்த மண் தூசியாகிக் காற்றில் கலந்த பிறகு நமக்கு அதில் அக்கறை இருப்பதில்லை. தூசிக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் உண்டு. நீளமான சரித்திரம், பல இடங்களில் துயரமான சரித்திரம், இன்னும் முடியாத சரித்திரம். அதன் கடைசி அத்தியாயத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'நானோ'. முகத்துக்குப் பூசும் களிம்பு, சுவருக்கு அடிக்கும் பெயிண்ட், காலுறை, மருந்து, வயலுக்குத் தெளிக்கும் உரம் என்று இந்த நானோ பொருள்கள் நம் வீட்டுக்குள் ஓசையில்லாமல் நுழைந்திருக்கின்றன. இவை மனித உடம்பை என்ன செய்யும் என்பதை உலகமெங்கும் பெரிய ஆராய்ச்சிசாலைகளில் ஆராய்ந்து வருகிறார்கள். கல்லூரிப் படிப்பை இரண்டே வருஷத்தில் நிறுத்திவிட்டுக் கதை எழுதப் போனவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை உண்டாக்கியது வத்தல்மலை.

தர்மபுரியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வத்தல்மலை. மூவாயிரம் அடிக்கு மேல் உயரம். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அங்கே இருக்கின்றன. அவர்கள் பேசுவது தமிழ்தான். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. முன்னெல்லாம் ஒற்றையடிப் பாதையில் மூட்டையைத் தலையில் சுமந்து ஏறி இறங்கினார்கள். இப்போது கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு போட்டிருக்கிறார்கள். காப்பியும் மிளகும் விளைகின்றன. ராகியும் சாமையும் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியவை.

நான் போயிருந்தபோது, பெரியூர்ப் பக்கத்தில் ஒரு களத்தில் மூதாட்டி ஒருத்தி சாமை தூற்றிக் கொண்டிருந்தாள். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி, காற்று வரும்வரை காத்திருந்து, மெள்ளச் சரித்தாள். மணி காலடியில் விழுந்தது. பதர் ஒரு முழம் தள்ளி விழுந்தது. உமி அதற்கப்பால் போயிற்று. அதற்கும் அப்பால், வெயிலில் ஒரு புகைபோல எழுந்த மெல்லிய தூசி விழவே இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்து மிதந்து போய்க் கொண்டே இருந்தது.

எதிர்ப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்த என்னை அவள் கையமர்த்தினாள்.

"அந்தாண்ட நிக்காதீங்க சாமி, இப்படி வாங்க. கீழே விழறது ஒண்ணும் பண்ணாது. விழாம நிக்குது பாருங்க, அதுதான் நெஞ்சுக்குள்ளே போகும்."

தூசியின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பிற்பாடு நான் படித்த எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் இதற்கு விரிவுரையாகவே எனக்குப் பட்டது.

* * *

'நானோ' என்பது கிரேக்க மொழியில் குள்ளன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இதை மனத்தில் வாங்கிக்கொள்வது கஷ்டம். நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் நானோமீட்டர் என்று சொன்னால் கொஞ்சம் பிடிபடும். ஜீவனின் அளவைச் சொல்ல வந்த திருமூலர், பசுவின் மயிரை நூறாகவும், அந்தக் கூறு ஒன்றை ஆயிரமாகவும் பிளக்கச் சொல்கிறார். அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. கணக்கு ஏறக்குறைய நானோவில் வந்து நிற்கிறது. இதைச் சொன்னவுடன், "பார்த்தீர்களா, நம் சித்தர்களுக்கு அன்றைக்கே நானோ சாஸ்திரம் தெரியும்!" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர் பேசியது ஆன்மாவைப் பற்றி. பொதுவாக, நூறு நானோமீட்டருக்கும் குறைவான பொருளையே விஞ்ஞானிகள் நானோ பொருள் என்கிறார்கள்.

இத்தனை சிறியதானால் என்ன ஆகும்? இரண்டு விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, அது உள்ளே போகும் தூரம். நம் மூக்கு ஒரு நல்ல காவற்காரன். பெரிய தூசியை மயிராலும் சளியாலும் பிடித்துத் தும்மி வெளியே தள்ளிவிடும். அதைத் தாண்டியதைத் தொண்டையும் சுவாசக் குழாயும் இருமித் துப்பும். மயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த தூசி மட்டும் சுவாசப்பையின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே தூசியை விழுங்கி அப்புறப்படுத்துவதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. நானோ தூசியோ அந்த அறையின் சுவரையும் கடந்து ரத்தத்தில் கலக்க வல்லது. 2017-ஆம் ஆண்டில் வெளியான எடின்பரோ ஆராய்ச்சி ஒன்றில், ஆரோக்கியமான சிலரை நானோ அளவுள்ள தங்கத் துகள்களைச் சுவாசிக்கச் செய்தார்கள். தங்கம் அவர்கள் ரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டது. மூன்று மாதம் கழித்துக்கூடத் தென்பட்டது.

இரண்டாவது, அதன் மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக் கட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் ஆறு சதுர சென்டிமீட்டர்தான். ஒரு தபால் தலை அளவு. அதையே ஒரு நானோமீட்டர்க் கட்டிகளாக வெட்டி, எல்லா முகங்களையும் கூட்டிப் பாருங்கள். ஆறாயிரம் சதுர மீட்டர் வரும். சுமார் ஒன்றரை ஏக்கர்! எடை அதேதான், ஒரு குன்றிமணி கூடவில்லை. ஆனால் தபால் தலையளவு இருந்த பொருள் ஒன்றரை ஏக்கர் நிலமாக விரிந்து நம் சதையைத் தொடுகிறது. வெளியே சாதுவாக இருந்த பொருள் சிறுத்தவுடன் துடுக்குக்காரனாக மாறுவதற்கு இதுவே பெரிய காரணம். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குந்தர் ஓபர்டார்ஸ்டர், 1990-களில் வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்ஸைடைக் கொண்டு இதைக் காட்டினார். எலிகளுக்கு ஒரே எடையுள்ள தூசிதான் கொடுக்கப்பட்டது. இருபது நானோமீட்டர் தூசி உண்டாக்கிய புண்ணும் வீக்கமும், இருநூற்றைம்பது நானோமீட்டர் தூசி உண்டாக்கியதைவிட அதிகமாக இருந்தன.

பெரிய உருவத்தில் வாங்கிய நற்சாட்சிப் பத்திரம் சிறிய உருவத்தில் செல்லாது. நானோ பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குக் கற்பித்த முதல் பாடம் இது.

* * *

இந்தப் பாடத்தை மனிதகுலம் புதிதாகப் படிக்கவில்லை. விலை கொடுத்துப் பல தடவை படித்திருக்கிறது.

1556-ஆம் ஆண்டில் வெளியான சுரங்கத் தொழில் நூல் ஒன்றில் ஜெர்மானிய வைத்தியர் அக்ரிக்கோலா ஒரு செய்தி சொல்கிறார். கார்ப்பேதிய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு புருஷர்களை மணந்த பெண்கள் இருந்தார்களாம். ஏழு பேரையும் சுரங்கத் தூசி தந்த நெஞ்சு நோய் கொண்டுபோய்விட்டது. ஒரு நாவலுக்கு உரிய துயரத்தை அவர் ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போகிறார்.

1700-இல் இத்தாலிய வைத்தியர் ராமஸினி, தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். குயவர், கல் தச்சர், மாவு அரைப்பவர் என்று ஒவ்வொரு பட்டறையாகப் போய்ப் பார்த்தார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்?

1775-இல் லண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளுக்குள் சிறு வயதிலேயே இறக்கிவிடப்பட்ட பையன்கள் பெரியவர்களான பிறகு புற்றுநோயால் சாவதைக் கண்டு, காரணம் புகைக்கரிதான் என்று சொன்னார். தொழிலால் வரும் புற்றுநோய் ஒன்றை உலகம் அடையாளம் கண்டது அப்போதுதான்.

பிறகு வந்தது கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். 1898-இல் இங்கிலாந்தின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரான லூஸி டீன் என்ற பெண்மணி, அந்தத் தூசியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததில் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக இருந்ததென்றும், அது தொழிலாளர்களுக்குக் கெடுதல் செய்கிறதென்றும் அறிக்கை எழுதினார். அந்த நாட்டில் கல்நார் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது 1999-இல். எச்சரிக்கைக்கும் தடைக்கும் நடுவே நூற்றொரு வருஷம்! இந்த மாதிரிக் கதைகளையெல்லாம் திரட்டி ஐரோப்பியச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2001-இல் ஒரு புத்தகமே போட்டது. முன்னதாக வந்த எச்சரிக்கை, பின்னதாக வந்த புத்தி என்பது அதன் சாரம். நம் நாட்டில் கல்நார் ஓட்டின்கீழ் இன்றும் லட்சக்கணக்கான குடும்பங்கள் தூங்குகின்றன.

சீமைக் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம்.

தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. அதற்கு முன் அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரியைத் தாண்டி வடக்கே போனால் கோலார் தங்கவயல். 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. பாறையைக் குடைந்த கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன ஏழை ஜனங்கள் அவர்கள். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். ஊரில் நிலமும் மரியாதையும் கிடைக்காதவர்களுக்குப் பூமிக்கடியில் கூலியாவது கிடைத்தது.

உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையை உடைத்த காலத்திலும் தூசி இருந்தது. காற்றழுத்தத்தால் ஓடும் துளையிடும் யந்திரம் வந்த பிறகு அந்தத் தூசி மாவாயிற்று. வேலை சீக்கிரம் முடிந்தது. மனிதனும் சீக்கிரம் முடிந்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுவிட்டார்கள். யந்திரம் பிடித்தவன் மற்றவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா சுவாசப்பையில் தழும்பு தழும்பாகப் படிந்து, அதைத் தோல்போல் இறுக்கிவிடும். இதுதான் சிலிக்கோஸிஸ். தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை. கோலாரில் 1940-களில் காப்லன், பர்டன் முதலிய வைத்தியர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. ஆராய்ச்சி அறிக்கை வெளியான வருஷம் 1947. சுரங்கம் தொடங்கி அப்போது அறுபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எடுத்த தங்கத்துக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது.

* * *

இனி நானோவுக்குத் திரும்புவோம்.

1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி இயிஜிமா, கரியணுக்கள் பாய்போல் பின்னிச் சுருண்டு உண்டான நுண்குழாய்களைப் பற்றி எழுதினார். எஃகைவிட வலுவும் இறகைவிட லேசும் கொண்ட அதிசயப் பொருள் என்று உலகம் அதைக் கொண்டாடியது. 2006-இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து விஞ்ஞானி பாஃப்லரும் அவர் சகாக்களும், பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றுக்குள் இதே கரி நுண்குழாய்கள் இருப்பதைக் கண்டார்கள். அந்த வகை வாள்களுக்கு மூலப்பொருள் தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு. சேலம் ஜில்லாவும் அந்த உருக்குக்குப் பெயர் போன பூமி. 2020-இல் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் கரி நுண்குழாய்களைக் கண்டார்கள். இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பானைகள்! பத்திரிகைகள் பெருமையோடு எழுதின. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் குயவனோ கொல்லனோ தெரிந்து செய்ததல்ல அது. நெருப்பும் கரியும் தாமே செய்து கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாளுக்குள்ளும் பானைப் பூச்சுக்குள்ளும் சிறைப்பட்டுக் கிடக்கும் நுண்குழாய் யாரையும் ஒன்றும் செய்யாது. களத்து மூதாட்டி சொன்னதைப் போல, காற்றில் மிதப்பதுதான் நெஞ்சுக்குள் போகும். நானோ என்ற பெயரைக் கேட்டதும் பயப்படுகிறவர்களும், நானோ என்றதும் பரவசப்படுகிறவர்களும் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். பொருளின் குணம் ஒரு பாதி. அது எவ்வளவு, எந்த வழியாக, யாருடைய உடம்புக்குள் போகிறது என்பது மறு பாதி. டென்னிஸ் மட்டைக்குள் இருக்கும் நுண்குழாய் மட்டை ஆடுகிறவனை ஒன்றும் செய்யாது. அந்தப் பொடியைச் சாக்கிலிருந்து கொட்டி அளக்கிறானே ஒருவன், மட்டை உடைந்தபின் அதை அரைக்கிறானே இன்னொருவன், கேள்வி அவர்களைப் பற்றியது.

சோளக்கதிர் அறுத்தவர்களுக்குச் சுணை தெரியும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முள். உருண்டைத் தூசி படிந்தால் கழுவினால் போய்விடும். சுணை ஒட்டினால் நாள் முழுவதும் அரிக்கும். பொருள் என்ன என்பதைவிட அதன் வடிவம் என்ன என்பது முக்கியம் என்று நம் உழவர்கள் தோலால் அறிந்திருக்கிறார்கள். கல்நாரின் கொடுமையும் அந்தச் சுணையில்தான் இருக்கிறது. கரி நுண்குழாயும் நீளமாக, மெல்லியதாக, விறைப்பாக இருக்கிறதே, அதுவும் கல்நாரைப் போல் நடந்துகொள்ளுமோ என்ற சந்தேகம் விஞ்ஞானிகளுக்கு எழுந்தது. 2004-இல் பிரிட்டனின் ராயல் சொஸைட்டி, நானோ பொருள்களைப் பற்றிய அறிக்கையில் இந்தக் கேள்வியை எழுப்பியது. 2008-இல் எடின்பரோவில் கென் டொனால்ட்ஸனும் அவருடைய சகாக்களும் சுண்டெலிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நீளமான, நேரான குழாய்கள் கல்நார் உண்டாக்கும் அதே விதமான வீக்கத்தையும் கட்டிகளையும் உண்டாக்கின. குட்டையாகவோ சிக்குப்பிடித்த நூல்போலவோ இருந்தவை அப்படிச் செய்யவில்லை. தூசியை விழுங்க வந்த உயிரணு, தன்னைவிட நீளமான குழாயை விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல் தவிக்கிறது. முழு முருங்கைக்காயை வாயில் திணித்துக்கொண்ட குழந்தையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவிப்பில் அது கக்கும் ரசாயனம் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்குகிறது.

அதன் பிறகு நடந்தவை கொஞ்சம் ஆறுதல் தருகின்றன. 2013-இல் அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் கரி நுண்குழாய் இருக்கக் கூடாது என்று சிபாரிசு செய்தது. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே நாடு 2016-இல் சிலிக்கா தூசிக்கு வைத்த எல்லை ஐம்பது மைக்ரோகிராம். 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், நுண்குழாய்களில் ஒரு குறிப்பிட்ட வகையை மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளைப் பற்றி முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. குழாய் கண்டுபிடிக்கப்பட்டு இருபத்து மூன்று வருஷத்தில் இவ்வளவும் நடந்துவிட்டது. கல்நாருக்கு நூற்றொன்று, கோலாருக்கு அறுபத்தேழு, இதற்கு இருபத்து மூன்று. பிணங்களை எண்ணிய பிறகு கேள்வி கேட்பதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கம், தூசியின் சரித்திரத்தில் முதல் தடவையாக எட்டிப் பார்த்திருக்கிறது.

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்காமல் இல்லை. 2007-இல் மத்திய அரசு ஐந்து வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கி நானோ திட்டத்தைத் தொடங்கியது. 1965-இலிருந்து லட்சுமணபுரியில் இயங்கிவரும் நச்சியல் ஆராய்ச்சி நிலையம் நானோ பொருள்களின் தீங்குகளையும் ஆராய்கிறது. விவசாயத்துக்கும் உணவுக்கும் வரும் நானோ பொருள்களை எப்படிச் சோதிப்பது என்று 2020-இல் அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2021-இல், இப்கோ கூட்டுறவு நிறுவனம் நானோ யூரியாவைக் கொண்டு வந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். ஒரு மூட்டையில் உள்ள தழைச்சத்து சுமார் இருபது கிலோ. முதலில் வந்த பாட்டிலில் இருந்தது இருபது கிராம். எப்படிச் சமமாகும் என்று 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருவர் கேட்டார்கள். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகப் பரிசோதனையில் நெல்லிலும் கோதுமையிலும் மகசூல் குறைந்தது. இலையில் தெளிப்பதால் சத்து வீணாகாமல் போய்ச் சேர்கிறது, எங்கள் சோதனைகளில் பலன் தெரிந்தது என்பது நிறுவனத்தின் வாதம். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சரக்கு வயலுக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் கவனிக்கிறேன். தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிறவன் இந்த விவாதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பாட்டிலின் மேலுள்ள பொடி எழுத்தை அவனுக்கு யாரும் படித்துக் காட்டுவதும் இல்லை.

* * *

வத்தல்மலைக்கு இன்னொரு காரணத்துக்காகவும் மறுபடி வர வேண்டியிருக்கிறது. நானோ தூசி தயாரிக்க ஆராய்ச்சிசாலை வேண்டியதில்லை. மலை வீடுகளில் விறகடுப்பு எரிகிறதே, அது உலகத்தின் மிகப் பழைய நானோ தொழிற்சாலை. விறகுப் புகையின் துகள்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை நானோ அளவிலோ அதையொட்டியோதான் இருக்கும். தாழ்ந்த கூரை, ஒற்றை அறை, ஊதுகுழலோடு அடுப்பின்மேல் குனிந்திருக்கும் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. எந்தச் சுரங்கத்திலும் எந்த நுண்குழாய்ப் பட்டறையிலும் இத்தனை சிறு குழந்தைகளை வேலைக்கு அமர்த்தியதில்லை!

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுச் சமையலறைகளின் புகையை வெகு காலமாக அளந்து வருகிறார்கள். நகரத்திலும் கிராமத்திலுமாக 1,285 கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவம் வரை தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் நுண்தூசி பத்து மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக நாலு கிராம் குறைகிறது. நாலு கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் விறகுப் புகை சூழ்ந்த அறையில் நுண்தூசி பத்தோடு நிற்பதில்லை, நூற்றுக்கணக்கில் ஏறுகிறது. அந்தப் பெண் தன் குழந்தைக்குப் பால் கொடுக்குமுன்பே புகை கொடுத்துவிடுகிறாள், வேறு வழியில்லாமல்.

புதிய பொருளைப் பற்றி விஞ்ஞானிகள் இவ்வளவு அக்கறையோடு ஆராய்வது மிகவும் சந்தோஷம். அதே தராசில் பழைய தூசியையும் வைத்துப் பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. நுண்குழாய்க்குக் காப்புரிமை உண்டு, கம்பெனி உண்டு, ஏற்றுமதி உண்டு. ஆகவே கேள்வியும் உண்டு. கல் உடைக்கும் கிரஷரில் எழும் தூசிக்கும் விறகடுப்பின் புகைக்கும் சொந்தக்காரர்கள் இல்லை. சிலிக்கோஸிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய வியாதி என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே பட்டியல் போட்டது. பட்டியல் ஆபீஸில் இருந்தது. தொழிலாளி கிரஷரில் இருந்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கல் குவாரிகள் எத்தனை என்று பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியும். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று கூலிக்கு அலைகிறவனுக்கு நெஞ்சு நோய் வந்தால், எந்த முதலாளியின் தூசி அது என்று யார் கண்டார்கள்? இந்தியாவில் சிலிக்கோஸிஸ் நோயாளி பலருக்கு ஆண்டுக்கணக்காகக் காசநோய் மருந்தே கொடுக்கப்படுகிறது. இரண்டும் இருமல், இரண்டும் இளைப்பு, படத்தில் இரண்டும் நிழல். மருந்து தீர்ந்தபின் அவன் மறுபடியும் அதே தூசிக்குத் திரும்புகிறான்.

முந்நூறு வருஷத்துக்கு முன் ராமஸினி வைத்தியர் கேட்கச் சொன்ன கேள்விக்குச் செலவு ஒன்றும் இல்லை. எலியும் வேண்டாம், மைக்ராஸ்கோப்பும் வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வரும் ஒருவனிடமும், நானோ பொடி அளக்கும் தொழிற்சாலையிலிருந்து வரும் இன்னொருவனிடமும், நம்முடைய ஆஸ்பத்திரிகளில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வைத்தால் போதும். நாளைக்கு எந்தத் தூசி யாரை என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டுகள்தாம் சரித்திரமாக இருக்கும். அதியமானின் கோட்டையில் எத்தனை செங்கல் இருந்தது என்று தேடிக் கொண்டிருக்கிறோம். அந்தக் கோட்டைக்குக் கல் உடைத்தவன் என்ன இருமினான் என்று கேட்க இப்போது வழியில்லை. இன்றைக்குக் கல் உடைக்கிறவனிடம் கேட்க வழியிருக்கிறது.